230 எஸ்எல்: கோத்தகிரியில் கரும்புகை, மேட்டுப்பாளையத்தில் சுத்தம். வாங்கலாமா?

கோத்தகிரிக்காரன் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் ரொம்ப வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்த மெர்சிடிஸ் 230 எஸ்எல் கார் விலைக்கு வந்திருக்கிறது. ஆர்சி புக்கில் 1966 மாடல். ஸ்டியரிங் வலது பக்கம், நாலு கியர் மேனுவல். பள்ளிக்கூடம் போகிற வயசில் அந்தக் குழிந்த கூரையைப் பார்க்கவே அந்த வழியாகப் போவேன். ஆசையில் அவசரப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

இங்கே மேலே ஓட்டினால் கரும்புகை, பெட்ரோல் நெடி. பிளக்கைக் கழற்றினால் ஆறிலும் கரி. குஞ்சப்பனை தாண்டி இறங்க இறங்கப் புகை குறைந்தது, மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக ஓடியது. “மலையில் எல்லா வண்டியும் இப்படித்தான், யாரும் கை வைக்காத ஒரிஜினல் இன்ஜெக்‌ஷன்” என்கிறார் விற்பவர். கீழே பார்த்த மெக்கானிக், பெட்ரோலை அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தூக்கிவிட்டு கார்புரேட்டர் போட்டுத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? தகட்டில் சேஸி எண் 113.042-10 என்று ஆரம்பிக்கிறது. என்ஜின் எண் 127.981 என்று ஆரம்பிக்கிறது.

குன்னூர் பழைய கை

தம்பி, கார்புரேட்டர் மட்டும் போடவே போடாதீர்கள். அந்தப் பம்ப்தான் இந்த வண்டியின் உயிர். பம்ப் வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல் நல்ல நல்ல வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள், இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள்.

புகைக்குக் காரணம் சொல்கிறேன். இது பாஷ் கம்பெனியின் மெக்கானிக்கல் பம்ப். ஆறு சிலிண்டருக்கு, பெட்ரோலைத் தள்ளிவிடும் ஆறு பிளஞ்சர். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது அளப்பதில்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, இந்த இரண்டை மட்டும் வைத்துப் பெட்ரோலை அளந்து விடும். மேட்டுப்பாளையத்தைவிடக் கோத்தகிரி சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் குறையாவிட்டால் புகைதான். அதற்காகவே பம்பின் மேல் காற்று நீக்கி மூடிய ஒரு உலோகக் குப்பி வைத்திருக்கிறார்கள். மேலே ஏறினால் அது விரிந்து பெட்ரோலைக் குறைக்கும். உங்கள் வண்டியில் அது வேலை செய்யாமல் நின்றிருக்க வேண்டும். அதனால் “மலையில் எல்லாம் இப்படித்தான்” என்பது சரியில்லை. மலைக்கும் சேர்த்துச் செய்த வண்டி இது.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். குளிரில் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று பம்பிலேயே இருக்கிறது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அதன் சின்னக் காற்று வாயில் விரல் வைத்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அதுவும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது கெட்டால் கீழேயும் புகை வரும், உங்களுக்கு வரவில்லையே. அதனால் என் சந்தேகம் குப்பி மேல்தான்.

கோவை டிங்கரிங்

புகையை அப்புறம் பார்க்கலாம் அண்ணா. அந்த 10 என்னை உறுத்துகிறது. 113.042 என்றால் 230 எஸ்எல், சரி. 127.981-ம் இந்த மாடலுக்கு உரிய என்ஜின்தான். அடுத்த இரண்டு எண்தான் விஷயம்: 10 என்றால் இடது ஸ்டியரிங் மேனுவல், 12 இடது ஆட்டோமேட்டிக், 20 வலது மேனுவல், 22 வலது ஆட்டோமேட்டிக். உங்கள் வண்டி வலது ஸ்டியரிங் என்கிறீர்கள். ஒன்று, யாரோ ஸ்டியரிங்கை மாற்றியிருக்க வேண்டும். இல்லை, தகடு வேறு வண்டியுடையது.

தகட்டை நம்பாதீர்கள், அது இரண்டு ரிவெட் சமாச்சாரம். என்ஜின் பக்கத்தில் பிரேமிலேயே எண் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படியுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், தேய்த்த தடம் இருந்தால் பிறகு உங்கள் மேல் சந்தேகம் வரும். கால் வைக்கும் இடத்துக்கு முன்னால், என்ஜினைப் பிரிக்கும் சுவர்த் தகட்டில் இடது பக்கம் பழைய ஓட்டைகளை அடைத்து வெல்டிங் வைத்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பானட், டிக்கி, கதவின் வெளித்தகடு மூன்றும் அலுமினியம், ஒட்டக் கூடாது. மட்கார்டு இரும்பு. அங்கே ஒட்டாவிட்டால் உள்ளே பட்டிதான். பானட்டைத் தூக்கி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டின் உள் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங் குழிகளையும் பாருங்கள். அடிபட்டுச் செய்த வண்டியில் பெரும்பாலும் அந்தக் குழிகள் மறைந்து வழவழப்பாக இருக்கும்.

கோத்தகிரிக்காரன்

பார்த்துவிட்டு வந்தேன். காந்தச் சோதனை சரி, குழிகளும் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கின்றன. இடது பக்கம் அடைத்த ஓட்டை எதுவும் இல்லை. சூடான பிறகு விரல் வைத்தேன், இழுக்கவில்லை.

ஆனால் பிரேமில் 113.042-20 என்று இருக்கிறது. கடைசி எண்களும் தகட்டோடு ஒத்துப்போகவில்லை. ஆர்சி புக்கில் இருப்பது தகட்டில் உள்ள எண். அங்கேயே கை நடுங்கிவிட்டது.

கோவை டிங்கரிங்

அப்படியானால் உங்கள் முன்னால் நிற்பது பிறவியிலேயே வலது ஸ்டியரிங் வண்டி, காகிதம் வேறொரு இடது ஸ்டியரிங் வண்டியுடையது. வண்டி நல்ல வண்டிதான், அதுதான் வேதனை. ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு ஆர்டிஓ பிரேமைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ வரிசையில் விண்டேஜ் எண் வாங்கலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதற்கும் சேஸி, பாடி, என்ஜின் ஒரிஜினலாக இருக்க வேண்டும், காகிதமும் வேண்டும்.

பிரேம் எண்ணுக்கு உரிய பழைய ஆர்சி, சுங்கத் தாள், இன்சூரன்ஸ் தாள், ஏதாவது ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் பிரேம் எண்ணைக் கொடுத்து மெர்சிடிஸிடம் டேட்டா கார்டு கேட்கலாம். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த என்ஜின் எண், பாடி எண், பெயின்ட் எல்லாம் அதில் வரும்.

குன்னூர் பழைய கை

அவர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. குப்பி கெட்டால் மாற்றலாம். எண்ணுக்கு மருந்து கிடையாது.

கோத்தகிரிக்காரன்

இன்று காலை விற்பவரிடம் பிரேம் எண்ணைக் காட்டினேன். அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பாவின் பழைய காகிதங்கள் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கின்றனவாம். இந்த வாரம் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பணப் பேச்சு இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஷெட்டின் ஓரத்தில் ஒழுகுகிற கூரை ஓடு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்தேன், மழை காலம். காகிதம் கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.