தக்காளியின் சைலம் சாற்றில் ஏபிஏ: எந்த எண்ணை நம்புவது?

தக்காளிக்காரி, யெலஹங்கா

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாலக்கோடு. இப்போது பெங்களூரில் பயிர் வினையியல் எம்.எஸ்சி. நிழல்வலைக் கூடாரத்தில் தொட்டியில் தக்காளி வைத்திருக்கிறேன். பாதிச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர், மீதிக்கு நிறுத்தியாயிற்று. வறட்சியில் சைலம் சாற்றில் (வேரிலிருந்து மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களின் சாறு) அப்சிசிக் அமிலம், அதாவது இலைத்துளைகளை மூடவைக்கும் ஹார்மோனான ஏபிஏ, எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

காலை ஆறரைக்கு, மண்ணுக்கு நாலு விரல் மேலே பிளேடால் தண்டை வெட்டி, அடிக்கட்டையில் சிலிக்கான் குழாயை மாட்டிச் சாறு எடுக்கிறேன். தண்ணீர் விட்ட செடிகள் நன்றாகச் சொட்டுகின்றன, அரை மணியில் அரை மில்லி. காய்ந்த செடிகளில் வெட்டுவாய் ஈரமாவதோடு சரி. பல செடிகளின் சாற்றைச் சேர்த்துத்தான் எலைசா என்ற கிட் சோதனைக்கு அனுப்ப முடிந்தது.

முடிவு: தண்ணீர் விட்டவற்றில் 90 நானோமோலார், காய்ந்தவற்றில் 1,400. ஆனால் 90 காட்டிய செடிகளின் இலைத்துளைகள், வெட்டுவதற்கு முந்தின நாள் மதியம், அகலத் திறந்திருப்பதைப் போரோமீட்டரில் பார்த்தேன். இதே ரகத்தில், இதே மாதிரி தண்ணீர் விட்ட செடிகளின் இலையை, காற்றழுத்தம் கொடுத்துச் சாற்றை வெளியே தள்ளும் பிரஷர் சேம்பரில் வைத்துத் தோழி எடுத்த சாற்றில் 15-க்கும் கீழே. எங்கேயோ கணக்கு உதைக்கிறது. "எத்தனை மடங்கு ஏறியது என்று மட்டும் போடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சாற்றில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனையும் அளக்க ஆசை. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய சேம்பர், மல்லேஸ்வரம்

கேளும்மா. எலைசா மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் சாறு எவ்வளவு வேகமாக வந்தது என்று பார். மணிக்கு ஒரு மில்லி. அதே செடி முழுதாக வெயிலில் நிற்கும்போது மணிக்கு எவ்வளவு இழுக்கும்? தொட்டியை மூடிக் கட்டித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். பேச்சுக்கு 50 மில்லி என்று வை. 90 நானோமோலார் என்றால் மில்லிக்கு 90 பிக்கோமோல். வேர் மணிக்கு அனுப்பியது அவ்வளவுதான். அதே 90 பிக்கோமோலை 50 மில்லியில் கரைத்தால் 2 நானோமோலார்கூட வராது. டிகாக்‌ஷனில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய் என்று சொல்லாமல் காபி ஸ்ட்ராங்கா லைட்டா என்று கேட்கிற மாதிரிதான் இது.

அதற்காக உன் எண்ணை 50-ஆல் வகுத்துப் போட்டுவிடாதே. ஓட்டம் மாறினால் வேர் அனுப்பும் அளவும் மாறும். முழுச் செடியில் எந்த வேகத்தில் ஓடியதோ, அந்த வேகத்திலேயே சாற்றை எடுக்க வேண்டும். அதற்குத் தொட்டியோடு வேரைச் சேம்பருக்குள் இறக்கி, தண்டை மூடி வழியாக வெளியே விட்டு, காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நீராவிப்போக்கின் வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். தொட்டி கொள்ளும் சேம்பர் எல்லா ஆய்வகத்திலும் இருக்காது, தேடிப் பார். முடிவை எழுதும்போது செறிவை மட்டும் எழுதாமல் செறிவை ஓட்டத்தால் பெருக்கி, மணிக்கு இத்தனை பிக்கோமோல் என்றும் எழுது. கைடு சொல்லும் "எத்தனை மடங்கு" இங்கே உதவாது. உன் இரண்டு வகைச் செடிகளும் ஒரே வேகத்தில் சொட்டவில்லையே.

காய்ந்த செடி ஏன் சொட்டவில்லை? வேர் தானாகத் தள்ளும் அழுத்தம் பெரும்பாலும் 0.2 மெகாபாஸ்கலைத் தாண்டாது. காய்ந்த மண் தண்ணீரை அதைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் காத்திருந்து கிடைத்த அந்த ஈரத்தில் ஏபிஏ 1,400 இருந்தது என்றால், அதில் வறட்சி எவ்வளவு, தேக்கம் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

பெரிய சேம்பர் கிடைக்காவிட்டால் தோழியின் வழிதான். இலையை வைத்து, காம்பின் வெட்டுவாயில் ஈரம் பளபளக்கும் அழுத்தம் வந்ததும் அதற்கு மேல் கொஞ்சம் மட்டும் ஏற்று. முதல் துளிகள் வெட்டுப்பட்ட செல்களின் சாறு, லேசாகப் பச்சை தட்டும். அதை ஒற்றி எறிந்துவிட்டு, அடுத்து வருகிற சில பத்து மைக்ரோலிட்டரைச் சட்டென்று எடு. அதிக நேரம் அழுத்தினால் இலைக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து வரும்.

இன்னொன்று. பட்டையை உரித்துவிட்டால், இலையின் சர்க்கரையைக் கொண்டுபோகும் புளோயத்தின் சாறு கலக்காது என்று யாராவது சொல்வார்கள். பல செடிகளுக்குச் சரி. தக்காளிக் குடும்பத்தில் சைலத்துக்கு உள்பக்கமும் புளோயம் உண்டு. அதனால் வெட்டுவாயைக் கழுவி ஒற்றி எடு, சாற்றில் சுக்ரோஸ் இருக்கிறதா என்று பார். கணிசமாக இருந்தால் கலப்படம்தான். பிஎச்சை வைத்துக் கலப்படம் பிடிக்க நினைக்காதே. வறட்சியிலேயே சைலம் சாறு காரப்பக்கம் நகரும், 6-லிருந்து 7-ஐத் தாண்டியும் போகும். அதுவே ஒரு சமிக்ஞை என்று 1997-ல் வில்கின்சனும் டேவிஸும் எழுதினார்கள்: காரப்பக்கம் போனால் ஏபிஏவை வழியிலுள்ள இலைச் செல்கள் உறிஞ்சுவது குறைந்து, இலைத்துளையைத் திறந்து மூடும் காவல் செல்கள்வரை அதிகம் போய்ச் சேரும். ஆகவே பிஎச்சையும் அள, ஆனால் எடுத்த கையோடு. கரியமில வாயு வெளியேறிவிட்டால் எண் தானாக ஏறிவிடும்.

துளிக்கணக்கு

நான் எல்சி-எம்எஸ், அதாவது மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை வைத்து அளக்கும் கருவி, ஓட்டுகிறவள். எலைசா மோசமில்லை, ஆனால் சாற்றில் உள்ள வேறு ஏதாவது அதைக் குழப்புகிறதா என்று பார்த்தீர்களா? ஒரே சாற்றை இரண்டு, நான்கு மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்ததற்கு ஏற்ப எண் இறங்காவிட்டால் கிட்டை நம்பாதீர்கள்.

எம்எஸ் கிடைத்தால் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஏபிஏவைச் சாறு எடுத்த அந்த நிமிடமே குழாயில் சேர்த்துவிடுங்கள். சாதாரண ஏபிஏவை நிறை 263-லிருந்து 153-லும், டியூட்டீரியம் ஏற்றிய டி6 வகையை 269-லிருந்து 159-லும் பார்ப்போம். வழியில் எவ்வளவு வீணானாலும் இரண்டும் சேர்ந்தே வீணாகும், விகிதம் மாறாது. வெளிச்சத்தில் வைக்காதீர்கள், ஏபிஏவின் வடிவமே மாறிவிடும். பழுப்புக் குழாய் இல்லையென்றால் அலுமினியத் தாளைச் சுற்றினால் போதும். எடுத்ததும் திரவ நைட்ரஜன், பிறகு மைனஸ் 80. ஊரின் மறுமுனைக்குக் கொண்டுபோவதானால் உலர்பனியைக் கூடுதலாகவே அள்ளிப் போடுங்கள். சில்க் போர்டு ஜங்ஷனில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாஸ்மோனிக் அமிலம் பற்றி: வெட்டினாலே அது ஏறும், சில நிமிடங்களிலேயே. அரை மணி நேரம் சொட்டவிட்ட சாற்றில் நீங்கள் அளப்பது வறட்சியை அல்ல, உங்கள் பிளேடை. வேண்டுமென்றால் முழு இலையைக் கிள்ளிய நொடியே நைட்ரஜனில் போட்டுத் தனியாக அளங்கள். சாற்றில் வேண்டாம்.

தக்காளிக்காரி

சார், அக்கா, இருவருக்கும் நன்றி. தராசு இருக்கிறது, நாளையே தொட்டிகளை எடை போடுகிறேன். ஒரு சந்தேகம். வேர்தான் ஏபிஏ செய்து மேலே அனுப்பி இலைத்துளையை மூடுகிறது என்று நினைத்துத்தான் இந்த ஆய்வையே வடிவமைத்தோம். மணிக்கு இத்தனை பிக்கோமோல் என்று எழுதினால் அதை நிரூபித்ததாகிவிடுமா?

பழைய சேம்பர்

ஆகாது. ஏபிஏவைச் சரியாகச் செய்ய முடியாத தக்காளி வகைகள் உண்டு, ஃபிளாக்கா, சிட்டியன்ஸ் என்று. அவற்றின் வேரில் சாதாரணத் தக்காளியின் தண்டை ஒட்டுக்கட்டி, மண்ணைக் காயவிட்டுப் பார்த்தார்கள், 2002-ல் ஹோல்புரூக் குழுவினர். வேரில் ஏபிஏ குறைவாக இருந்தும் இலைத்துளைகள் மூடின. இலை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். வாடத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிவிடும். போதாததற்கு இலையில் செய்தது புளோயம் வழியாக வேருக்கு இறங்கி, மறுபடி சைலத்தில் ஏறி வரும். சாற்றில் ஏபிஏ இருக்கிறது என்பதால் அது வேரில் பிறந்தது என்று ஆகிவிடாது. ஆய்வறிக்கையில் "வேர் சமிக்ஞை" என்று எழுதாதே, "சைலம் வழி வந்த ஏபிஏ" என்று எழுது. வைவாவில் தப்பிப்பாய்.

ஃபிளாக்கா விதை கிடைத்தால் ஒட்டுக்கட்டிப் பார். உன் தலைப்புக்கு அது சேம்பரைவிடப் பெரிய உதவி.

ராயக்கோட்டை நிலம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ராயக்கோட்டையில் இரண்டு ஏக்கர் தக்காளி. இந்தச் சாற்றுச் சோதனையை வைத்து எப்போது தண்ணீர் விடலாம் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

துளிக்கணக்கு

ஏபிஏவை வைத்து முடியாது. எண் உங்கள் கைக்கு வருவதற்குள் செடி வாடிவிடும், செலவும் கையைக் கடிக்கும். இலைக்காம்பைப் பிழிந்து நைட்ரேட் பார்க்கிற கையடக்க மீட்டர் இருக்கிறது. அது உரத்துக்கு உதவும், தண்ணீருக்கு இல்லை. தண்ணீருக்கு, மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டரை மண்ணில் நட்டுப் பார்ப்பதே போதும்.

பழைய சேம்பர்

இந்த ஆராய்ச்சியிலிருந்து வயலுக்கு வந்தது ஒன்று உண்டு தம்பி. 1990-களில் ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் வரிசையின் இரு பக்கமும் சொட்டுக்குழாய் போட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சில நாள் கழித்துப் பக்கத்தை மாற்றினார்கள். காய்கிற பக்கத்து வேர் இலைத்துளையைக் கொஞ்சம் மூடவைக்கும், நனைந்த பக்கம் செடியை வாடாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் மிச்சமானது. தக்காளியில் செய்து பார்ப்பதானால் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறுக்குமாறானால் காயின் அடி கறுத்துவிடும், அந்தப் பழத்தை மண்டியில் யாரும் கையால் தொடமாட்டார்கள்.