ரிமோட் ஹெலிகொப்டர் பழக எதை வாங்கலாம்?

பரந்தன் பொடியன்:
அண்ணையவை, ஆறு சனல் (ரிமோட்டில் தனித்தனியாக இயக்கும் ஆறு கட்டுப்பாடுகள்) ஹெலி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இதுதான் முதல் ஹெலி. எடுக்கலாமா? வீட்டுக்குப் பின்னால் வயல், இடத்துக்குக் குறையில்லை.

ஓமந்தைக்காரன்:
வேண்டாம் தம்பி. ஆறு சனலில் விசிறித் தகட்டின் சரிவைப் பறக்கும்போதே மாற்றலாம், தலைகீழாகவும் பறக்கும். புதுக் கைக்கு அது அடங்காது. நான்கு சனல், சரிவு மாறாத சின்னதாக எடுங்கள். வால் உங்கள் பக்கம் இருக்க, ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்கள். மூக்கு உங்களைப் பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும், அது அப்புறம்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியற்காலை மட்டும்தான். வெட்டைக் காற்றுக்குச் சின்ன ஹெலி நிற்காது.

ஹெலியின் லித்தியம் பொலிமர் பற்றரி செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறையும். பாவிக்காமல் வைப்பதென்றால் 3.8 அளவில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் வெயிலில் விடவே கூடாது, ஊதிவிடும்.

மாங்குளத்தான்:
ஆமிக் காம்ப் பக்கம் பறக்க விடாதீர்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பாருங்கள். மிதிவெடிப் பலகை உள்ள பற்றைக்குள் விழுந்தால் ஹெலி போனது போனதுதான், எடுக்கப் போக வேண்டாம்.

பரந்தன் பொடியன்:
சரி அண்ணை, நான்கு சனலே தேடுகிறேன். கணினித் திரையில் பறக்கப் பழகும் சிமுலேட்டர் பழைய மடிக்கணினியில் ஓடுமா?

ஓமந்தைக்காரன்:
பழைய பதிப்புகள் ஓடும். ஆனால் விசைப்பலகையில் பழகாதீர்கள், ரிமோட்டையே இணையுங்கள்.