கைப்பெட்டியில் ஃப்ளை கட்டிப் பழகினவங்க அனுபவம்

காட்பாடிக்காரன்:
துபாய்ல இருந்து வந்த மச்சான் டிபன் பாக்ஸ் அளவுல ஒரு பெட்டி கொடுத்தான். "நீதான் ஏரி ஏரியா சுத்தறியே, மண்புழுவை விட்டுட்டு ஃப்ளை கட்டிப் பாரு"ன்னான். ஃப்ளைன்னா தூண்டில் முள்ளுல இறகையும் நூலையும் சுத்தி, பூச்சி புழு மாதிரி செய்யற போலி இரை. உள்ளே முள்ளைக் கவ்விப் பிடிக்கிற குட்டி வைஸ், நூல்கண்டு மாட்டற பாபின், கத்தரி, இறகைக் கவ்வுற கிளிப், முடிச்சு போடற வளைஞ்ச கம்பி, கொஞ்சம் மாரபூங்கிற மெத்துன்னு இருக்கற இறகு, சேனில்ங்கிற புசுபுசு நூல், 8ஆம் நம்பர் முள்.

முதல் தகராறே வைஸோடதான். கிளாம்ப் வாய் சின்னது, எங்க வீட்டு மேசைப் பலகை தடிமன். கடைசியில அம்மாவோட பழைய தையல் மெஷின் பலகையில உட்கார்ந்துச்சு. அம்மா வந்து பார்த்துட்டு, "இன்னாடா இது, எந்த மெஷினு பாபின்?"னு கேட்டாங்க.

கத்துக்கறவங்க வூலி பக்கர்ங்கிற சுலபமான ஃப்ளையில ஆரம்பிக்கலாம். மாரபூ வால், சேனில் உடம்பு, மேல சுத்தி வர்ற சேவல் இறகு, அவ்வளவுதான். ஆனா நான் கட்டின முதல் அஞ்சும் குப்பைக்குப் போச்சு. உடம்பை முள்ளோட கண் வரைக்கும் சுத்திட்டேன். முடிச்சு போட இடமில்ல, தூண்டில் நரம்பு கோர்க்கவும் வழியில்ல. இப்போ கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு மில்லிமீட்டர் காலியா விட்டுத்தான் நூலையே தொடங்கறேன். இறகை எவ்வளவு கம்மியா வெச்சாலும் தண்ணியில அது போதும்னு தெரியறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு.

நூல் அறுந்துகினே இருந்துச்சே, அதுக்கு என் கைதான் காரணம்னு நெனச்சேன். இல்ல, முள் முனையில உரசித்தான் அறுந்திருக்கு. கீழே சுத்தும்போது முனையைக் கொஞ்சம் கவனிங்க. கடைசி முடிச்சு மேல, பசைக்குப் பதிலா தங்கச்சியோட நெயில் பாலிஷ். அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆரணி நெசவு வீடு:
நானும் அதே பெட்டிதான் வாங்கினேன். அதுல இறகு மேல சுத்திப் பிடிக்கிற மெல்லிசு கம்பி கிடையாது. உடம்புல சுத்தின இறகை மீன் ரெண்டு கடி கடிச்சா அவிழ்ந்துடும். அதனால எங்க தறியில மிஞ்சற ஜரிகையை இறகு சுத்தின திசைக்கு எதிர்த்திசையில அஞ்சாறு சுத்து சுத்தறேன். இறகுத் தண்டை அங்கங்க குறுக்க அமுக்கிப் பிடிச்சுக்குது, வெயில்ல மின்னவும் செய்யுது. ரொம்ப இழுக்காதீங்க, இறகு மடிஞ்சுடும்.

இறகுக்குக் கடைக்குப் போகத் தேவையில்ல. ஞாயித்துக்கிழமை கோழி வெட்டற அண்ணன்கிட்ட நாட்டுச் சேவல் கழுத்து இறகு கேளுங்க, சும்மா கொடுப்பாரு. ஷாம்பு போட்டு அலசி, நிழல்ல நல்லா உலர்த்தி, ரெண்டு அந்துருண்டை போட்டு மூடிடணும். நான் ஒரு தடவை ஈரத்தோட மூடி வெச்சேன். அப்புறம் ஒரு வாரம் வீட்டுல என்னோட யாரும் பேசல.

குடியாத்தம்:
ஒரு எச்சரிக்கை. ஜவ்வாது மலைப் பக்கம் காட்டுக்கோழி இறகு கேட்டு அலையாதீங்க. அதோட சேவல் கழுத்துல மெழுகு சொட்டின மாதிரி பொட்டு இருக்கும். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க சால்மன் மீனுக்குக் கட்டின ஃப்ளைங்கள்ல அந்த இறகுக்குத் தனி மவுசு. ஆனா 1972 வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. மயிலிறகு வேணும்னா தானா உதிர்ந்ததை மட்டும் எடுங்க. அதோட பச்சை இழையை ரெண்டு மூணா சேர்த்துச் சுத்தினா வண்டு உடம்பு மாதிரியே வரும்.

அப்புறம், ஏரியை ஏலம் எடுத்தவர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் கேக்காம இறங்கி, தூண்டில் ராடோட கரையில ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்துச்சு.

காட்பாடிக்காரன்:
ஜரிகை யோசனை அருமைங்க, ஒரு முழம் அனுப்புவீங்களா? என்கிட்ட ஃப்ளை ராடு இல்ல. சாதா ஸ்பின்னிங் ராடுல, தண்ணி நிரப்பற பிளாஸ்டிக் மிதவையைக் கட்டி, அதுக்குக் கீழ மூணடி நரம்புல ஃப்ளையை விட்டேன். ஃப்ளைக்கு எடையே இல்லாததால மிதவைதான் அதைத் தூக்கிட்டுப் போவுது. மெல்ல மெல்ல சுருட்டணும்.

போன ஞாயிறு, எங்க ஊரு ஏரி. விரால் ஒண்ணு பின்னாடியே வந்து, பார்த்துட்டு, திரும்பிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் உள்ளங்கை அளவு ஜிலேபி மீன் ஒண்ணு கவ்வுச்சு. ஆறாவதா கட்டின ஃப்ளை அது. மீனை விட்டுட்டுப் பார்த்தா மாரபூ வால் பாதிதான் இருக்கு, நெயில் பாலிஷ் மட்டும் அப்படியே இருக்கு.