ஓரோவில் அணை: 12,600 கனஅடிக்கே சரிவு கரைந்தது ஏன்?

கேள்வி:
கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் 2017 பிப்ரவரி 11 அன்று அவசரக் கலிங்கு (பிரதானக் கலிங்கு போதாதபோது உபரி நீர் வழியும் இடம்) முதன்முறையாக வழிந்தது. வினாடிக்குச் சுமார் மூன்றரை லட்சம் கனஅடிக்கு வடிவமைத்தது. அன்று உச்சமே வினாடிக்கு 12,600 கனஅடிதான். ஆனாலும் மறுநாள் 1,88,000 பேரை ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். கணக்கு எங்கே தப்பியது?

பதில் 1:
வழியும் அளவில் தப்பு இல்லை. தண்ணீர் வழியும் மேல்விளிம்பான முகட்டின் நீளம் 1,730 அடி. ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 7 கனஅடிதான் வழிந்தது. தப்பு, முகட்டுக்குக் கீழே. தண்ணீர் விழுந்தது காங்கிரீட் போடாத மலைச்சரிவில்: மேல்மண், அதற்கடியில் சிதைந்த பாறை. சரிவில் தண்ணீர் சமமாகப் பரவாது, பள்ளம் தேடிச் சேரும். சேர்ந்த இடத்தில் வேகம் கூடி மண்ணை அறுக்கும். அறுத்த பள்ளத்தின் தலைப்பு மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். ஓரோவில்லில் அது முகட்டின் அடித்தளத்தை நெருங்கிவிட்டது. அடித்தளம் போனால் முகட்டுச் சுவர் சாய்ந்து, சுமார் 30 அடி உயரத் தண்ணீர் ஒரேயடியாக இறங்கியிருக்கும். அதனால்தான், ஏற்கெனவே உடைந்திருந்த பிரதானக் கலிங்கிலேயே 1 லட்சம் கனஅடி திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தார்கள்.

கேட்டவர்:
அப்படியானால் சரிவு முழுக்கக் காங்கிரீட் போட வேண்டுமா?

பதில் 2:
வேண்டியதில்லை. பிறகு ஓரோவில்லைச் சரிசெய்தபோதும் முழுச் சரிவுக்கும் போடவில்லை. முகட்டை ஒட்டி ரோலர் கொண்டு இறுக்கிய காங்கிரீட் தளம்; சுமார் 730 அடி கீழே, ஒன்றோடொன்று கோத்த பைல்களால் (நிலத்துக்குள் இறக்கிய காங்கிரீட் தூண்கள்) 1,450 அடி நீளச் சுவர். ஆழம் 35 முதல் 65 அடி. மேலேறும் அரிப்பு அந்தச் சுவரில் நின்றுவிடும். பைல் உறுதியான பாறையில் இறங்கியிருப்பது முக்கியம். ஆகவே ஆழ்துளை மாதிரிகளை முகட்டுக்கு அடியில் மட்டும் எடுத்தால் போதாது, தண்ணீர் ஓடும் பாதை நெடுக எடுங்கள்.

பதில் 3:
இடம் இருந்தால், அவசரக் கலிங்காக, வெள்ளத்தில் வேண்டுமென்றே கரையவிடும் மண்கரையையும் பாருங்கள். மணல், சரளைக்குள் சாய்வான மெல்லிய களிமண் சுவர். ஓர் இடத்தில் மட்டும் தாழ்வான வாய். அதில் தண்ணீர் ஏறியதும் பின்பக்க மணல் அரித்துப் போகும், தாங்கல் இழந்த களிமண் ஒடியும், உடைப்பு பக்கவாட்டில் விரியும். அடியில் காங்கிரீட் தளம் கட்டாயம், இல்லாவிட்டால் ஏரியே காலியாகும். காங்கிரீட் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு மட்டம் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உடையாது. மரம் வளரவிடுவதோ, மேலே சாலை போட்டு இறுக்குவதோ கூடாது. உடைய வேண்டிய நேரத்தில் உடையாது, தண்ணீர் பெரிய அணையின் மேலேறும்.