தைமஸ் எபிதீலியல் செல் கல்ச்சர்: ரெண்டே வாரத்துல ஃபைப்ரோபிளாஸ்ட் மூடிடுது, வழி சொல்லுங்க

தைமஸ்_புதுசு:
வணக்கம். குழந்தைங்களுக்கு இதய ஆபரேஷன் பண்றப்போ முன்னாடி மறைச்சுட்டிருக்கற தைமஸ்ல (டி செல்ங்கற நோய் எதிர்ப்பு செல் வளர்ற நெஞ்சு உறுப்பு) கொஞ்சம் எடுத்துடுவாங்கல்ல, அத பெத்தவங்க சம்மதத்தோட எங்க லேபுக்குத் தர்றாங்க. கொலாஜினேஸ்ங்கற என்சைம் போட்டு கரைச்சு பிளேட்ல விட்டா முதல் வாரம் தரையில கல்லு பதிச்ச மாதிரி அழகா எபிதீலியல் செல் (டி செல்ல வளக்கற தைமஸ் செல், எங்களுக்கு வேண்டியது) கூட்டம் தெரியுது, அடுத்த வாரம் நீள நீளமா ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) வந்து மூடிடுது, மிச்சம் இருக்கறதுல பாத்தா தைமஸ் எபிதீலியல் செல்லுக்கு அடையாளமான ஃபாக்ஸ்என்1 ஜீன் கிட்டத்தட்ட காணோம். இது மூணாவது திசு. ஒரு குழந்தைகிட்ட இருந்து வந்தத வீணாக்குறோமேன்னு ராத்திரி தூக்கம் வரல.

செல்காரன்:
முதல்ல திசுவ பொடிசா வெட்டி மீடியத்துல திரும்பத் திரும்ப அலசுங்க. அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெள்ளையா வரும், அத்தனையும் தைமோசைட், அதாவது தைமஸ்ல வளர்ற இளம் டி செல். எபிதீலியல் செல் மொத்தத்துல நூத்துல ஒண்ணு கூட தேறாது, அதனால இந்த அலசல்ல சோம்பல் படாதீங்க. அப்புறம்தான் என்சைம், கூடவே டிஎன்ஏவ வெட்டற டிஎன்ஏஸ் கட்டாயம், இல்லன்னா செத்த செல்லோட டிஎன்ஏ வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு எல்லாத்தையும் ஒட்ட வச்சிடும். சிடி45 (வெள்ளை அணுக்களோட அடையாளப் புரதம்) இருக்கறத காந்த மணியால தள்ளிட்டு, எப்காம் (எபிதீலியல் செல்லோட அடையாளப் புரதம்) இருக்கறத மட்டும் பிடிங்க.

மெடுல்லா:
செல்காரன் சொன்னது பிரிக்கறதுக்கு சரி, ஆனா ஃபாக்ஸ்என்1 போறது வேற விஷயம் தோழர். இந்த செல் உடம்புக்குள்ள முப்பரிமாண வலையா, சுத்தி தைமோசைட் நெருக்கியடிச்சு இருக்கற இடத்துல வாழுது, அதுங்க தர்ற சிக்னல் இல்லாம தட்டையான பிளாஸ்டிக்ல விட்டா தன் வேலைய மறந்துடும். உங்க கை தப்பு இல்ல. 2020ல லண்டன் குழு ஒண்ணு மனுஷ தைமஸ் எபிதீலியல் செல்ல, பெருகாம நிறுத்தி வச்ச எலி ஃபைப்ரோபிளாஸ்ட் மேல வளத்து பெருக்கி, செல் நீக்கின எலி தைமஸ் கூட்டுக்குள்ள திசுவோட மத்த செல்களையும் சேத்து விட்டாங்க, டி செல் வளர்ச்சிக்கே அது இடம் குடுத்துச்சு. அதனால பிளேட்ட பெருக்க மட்டும் வச்சுக்குங்க, வேலை வாங்கறது முப்பரிமாணத்துல.

தைமஸ்_புதுசு:
ரொம்ப நன்றிங்க. எங்க கைடு, டி செல் தானே வேணும், நாட்ச் லைகண்ட் (டி செல்லா மாறச் சொல்ற சிக்னல் புரதம்) போட்ட ஸ்ட்ரோமல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்ற தாங்கு செல்) போதுமேங்கறார்?

மெடுல்லா:
ஸ்டெம் செல்லுல இருந்து டி செல் மட்டும் வேணும்னா போதும், 2002லயே ஓபி9-டிஎல்1னு அந்த மாதிரி லைன் வந்துடுச்சு. ஆனா உங்க கேள்வி ஆட்டோஇம்யூனிட்டின்னா (உடம்பு தன்னையே தாக்கறது) அது உதவாது. தைமஸோட உள்பகுதியான மெடுல்லாவுல இருக்கற எபிதீலியல் செல்தான் எய்ர் ஜீனால இன்சுலின் மாதிரி கணையத்துப் புரதத்தைக்கூட கொஞ்சமா தயாரிச்சு, "இது நம்மாளு, தாக்காதே"ன்னு காட்டுது, அத விடாம பிடிக்கற டி செல்லு அங்கயே சாகுது. எய்ர் கெட்டுப் போனா சின்ன வயசுலயே பாராதைராய்டு, அட்ரீனல்னு உடம்பே தாக்க ஆரம்பிச்சிடும். கைடுகிட்ட இத சொல்லுங்க.

செல்காரன்:
அடுத்த திசு வர்றப்ப, பிளேட்ல விடறதுக்கு முன்னாடியே ஒரு பங்கு ஆர்என்ஏவுக்கு எடுத்து வச்சிடுங்க. ஜீரோ நாள் அளவு இல்லாம ஃபாக்ஸ்என்1 எவ்ளோ குறைஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.