பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்குத் தயார் செய்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

பண்ணைக்கொட்டகை (கோவென்ட்ரி)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எம்ஜி மிட்ஜெட் என்ற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1968, 1275 சிசி. ஒரு பண்ணையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சில் (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம்) இரண்டும் துரு, தரை துரு, பின் ஸ்பிரிங் மாட்டும் பெட்டியும் துரு. மிட்ஜெட் வாங்கியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஹில் கிளைம்ப், அதாவது மேட்டில் ஒவ்வொரு காராக ஏற்றி நேரம் பார்க்கும் போட்டி, ஓட்ட வேண்டும் என்றுதான் வாங்கினேன். ஷெல்ஸ்லி வால்ஷ் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1905-லிருந்து கார்கள் ஏறும் மேடு, மொத்தமே 1000 கெஜம். அந்த வரிசையில் ஒருநாள் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சீட்டைக் கழற்றி, பின்னால் மக்கிப்போன கார்ப்பெட்டைக் கிழித்தேன். தரையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த இரும்புத் தகடுகள் வெல்ட் செய்யப்பட்டிருந்தன. பின்சக்கர வளைவு மேல் இன்னும் இரண்டு. எல்லாத் துளைகளிலும் பட்டி அடைத்து மூடியிருந்தார்கள். கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது: ரோல் பார் மாட்டிய இடம், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு. இந்த வண்டி ஏற்கெனவே எங்கோ ஓடியிருக்கிறது, அப்புறம் யாரோ அதை மறைத்து சாதாரணக் காராக விற்றிருக்கிறார்கள்.

அன்றைக்கே கதவில் தண்ணீர்ப் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். மேலே பச்சை. அடியில் சிவப்பு. அதற்கும் அடியில் வெள்ளை வந்தது, ஆனால் கதவு முழுக்க வரவில்லை. வட்டமாக வந்தது. வட்டத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு, எண்ணின் ஒரு கால். 1 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் 7 ஆகவும் இருக்கலாம். இன்னும் இரண்டு அங்குலம் தேய்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பெயின்ட் நகம் பட்டாலே உதிர்கிற நிலையில் இருக்கிறது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

கெய்டனில் இருக்கும் மோட்டார் மியூசியத்திலிருந்து தொழிற்சாலைச் சான்றிதழ் வாங்கிப் பார்த்தேன். எந்த நிறத்தில் வெளியே போனது, என்ன எஞ்சின் எண், எந்தத் தேதி, எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு யார் ஓட்டினார்கள் என்பது அதில் எப்படி இருக்கும்? விற்றவர்களோ பண்ணையை வாரிசாகப் பெற்றவர்கள். கார் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா? ஆலோசனை கேட்கவில்லை, அனுபவம் கேட்கிறேன்.

புதுப்பேட்டை வாசி (சென்னை)

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரும் இதுவும் ஒரே வம்சத்துச் சேசிஸ். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் அதே மிக்கெலோட்டி. 1961 முதல் நம் ஊரிலேயே செய்த வண்டி. முன்பக்கம் முழுவதையும் தூக்கினால் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். அந்தச் சௌகரியம் இன்றைய எந்தக் காரில் இருக்கிறது?

வேலை முடிந்த கதையை விட்டுவிடுகிறேன். எஸ்யூ வகைக் கார்ப்புரேட்டர் இரண்டு போட்டோம். ட்யூன் செய்த மேஸ்திரி ஒரு ரப்பர் ட்யூபைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்ப்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக் காற்றுச் சத்தம் கேட்டார். பக்கத்துக் கடையில் டிங்கரிங் அடி இடியாக விழுந்துகொண்டிருக்கிறது. "இடது பக்கம் பொய் சொல்லுது" என்றார். ஸ்குரூவைக் கால் திருப்பு. அவ்வளவுதான், ஐட்லிங் அப்படியே அடங்கிவிட்டது.

உறுத்துவது வேறு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டே, சொந்தக் காரை எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கும் நாள். வலது வளைவு, கொஞ்சம் வேகமாகப் போய்விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். பின்பக்கம் எழும்பியது, இடது பின்சக்கரம் உள்ளே மடங்கியது, வண்டி வந்த வழியையே பார்த்து நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை.

பிட்டுக்கு வந்தேன். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து என் பின் டயரைக் குனிந்து பார்த்தார். எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவினார். "சோழவரத்துல நாங்க டிக்கியில மணல் மூட்டை போட்டு ஓட்டுவோம்பா" என்றார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். கேட்டில் விசாரித்தேன், டீக்கடையில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. சோழவரத்தின் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ஹெரால்டு ரேஸ் ஓட்டிய ஒரு மனிதர் என் டயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஸ்காபரோ பெடியன் (டொரொன்டோ)

பண்ணைக்கொட்டகை அண்ணை, உங்கட வண்டிக்காரன் ஆரெண்டு தெரியாததுதான் உங்களுக்குக் கவலை. எனக்கு ஆரெண்டு நல்லாத் தெரியும். அதுதான் என்ர பிரச்சினை.

டட்சன் 240இசட், 1971. இங்க குளிர்காலத்தில தெருவுக்குக் கொட்டுற உப்பு இந்தக் காரைத் தின்னும் விதம் சொல்லி முடியாது. பற்றரித் தட்டுக்குக் கீழே ஸ்குரூ டிரைவரால குத்தினால் மறுபக்கம் வந்தது. ஏன் இந்தக் கார் எண்டு கேட்டால், ஷேகர் மேத்தா. கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரலியை 1973-ல இதே 240இசட்டில வெண்டவர், உகண்டாவில பிறந்த இந்தியர். அதுக்குப் பிறகு 1979-ல இருந்து 1982 வரை வரிசையாக நாலு தரம் வெண்டவர். எங்கட நிறத்தில ஒரு மனிசன் அந்தப் படங்களில நிக்கிறதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் காரில ஆசை வந்தது.

விற்றவர் வயது போன ஒரு வெள்ளைக்காரர், ஒரே உரிமையாளர். கலியாணம் முடிச்ச வருசம் வாங்கினவராம். "வேலை நடக்கேக்க ஒருக்கா வந்து பார்க்கலாமோ" எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

அவர் வந்த நாள் நான் பின்தரையை வெட்டிக்கொண்டு நிண்டன். பழைய பெற்றோல் டாங்கை எடுத்துப்போட்டு, ரேசுக்கான பாதுகாப்பு டாங்க் வைக்க ஸ்பெயார் சக்கரக் குழியை வெட்ட வேணும். இங்கத்தை மொஸ்போர்ட் ரேஸ் டிராக்கில பழங்கார் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்யிற எவருக்கும் இது தெரிஞ்ச வேலை. கிரைண்டரை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பினால் ஆள் வாசலில நிக்கிறார். எவ்வளவு நேரமாக நிண்டாரோ தெரியாது. ஒண்டும் கதைக்கேல்லை. உள்ளுக்கு வந்தார், வெட்டிப் போட்ட அந்த வட்டத் தகட்டை எடுத்தார், இன்னும் சூடு. கோட்டைக் கழட்டி அதில சுத்தினார். தன்ர காருக்குள்ள வைச்சுக்கொண்டு போயிட்டார்.

முதல் ஓட்டத்துக்கு வாங்கோ எண்டு செய்தி அனுப்பினன். பதில் இல்லை.

அசலே அழகு

மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கோபப்பட வேண்டாம்.

டொரொன்டோ தம்பி, அந்தப் பெரியவர் பதில் அனுப்பாததில் எனக்கு வியப்பே இல்லை. ஒரே கையில் இருந்த 1971 வண்டி. எஞ்சின் எண் சேசிஸ் எண் எல்லாம் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்தியிருக்கும். ரேஸ் ஓட்ட வேண்டுமென்றால் ஏற்கெனவே யாரோ வெட்டிக் கெடுத்த வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாமே? சந்தையில் அதற்கா பஞ்சம்?

மிட்ஜெட் நண்பரே, நான்கு தகடும் ஒரு வட்டமும் ரேஸ் சரித்திரம் ஆகிவிடாது. ரோல் பாரைச் சும்மா பாதுகாப்புக்குப் போட்டுத் தெருவில் ஓட்டியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். கதவில் வட்டம் வரைந்துகொண்டு கல்லூரிக்குப் போன பையன்களும் உண்டு. தேதி போட்ட புகைப்படமோ ஓட்டப் பட்டியலோ கிடைக்கும்வரை அது வெறும் பெயின்ட்.

மணல் மூட்டை கதையை நான் நம்பவில்லை. ரேஸ்காரன் எடையைக் குறைப்பானா, கூட்டுவானா?

என் அனுபவம் என்றால், மாமா வைத்திருந்த எம்ஜி டிசி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. கையே வைக்காமல் வைத்திருக்கிறேன்.

புதுப்பேட்டை வாசி (சென்னை)

ஐயா, மணல் மூட்டை கணக்கு இதுதான். ஹெரால்டின் பின் அச்சு நடுவில் மட்டும் மடங்கும். பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே போகும். டிக்கியில் பாரம் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து உட்காரும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும், வளைவில் பிடி கிடைக்கும். எடை கூடுவதால் நேரோட்டத்தில் நஷ்டம்தான். ஆனால் வளைவில் சுற்றாமல் வெளியே வந்தவன்தான் நேரோட்டத்துக்கே வருவான். பெரியவர் சொன்னது நடந்ததா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் கணக்கு சரியாக வருகிறது.

உங்கள் டிசி ஓடுகிறதா?

அசலே அழகு

ஓடும் நிலையில் இருக்கிறது.

ஸ்பானர் (கோவை)

செட்டிப்பாளையம் டிராக்கில் ஒரு பழைய ஃபியட் 1100-இல் பெட்ரோல் குழாய் உப்பிப் பிளந்து தீப்பிடித்ததைப் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தேன். ஓட்டியவர் இறங்கிவிட்டார். ஆனால் பெல்ட் பூட்டைத் தேடிய அவர் கை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. என் கதை அவ்வளவுதான். அதனால் இதை எல்லாரும் படியுங்கள்.

முதலில் ரப்பர் குழாய். இங்கே பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால், இங்கிலாந்தில் 2021 முதல் 10 விழுக்காடு. அறுபதுகளின் ரப்பர் அதைத் தாங்காது. டாங்கிலிருந்து கார்ப்புரேட்டர் வரை ஒரு அங்குலம்கூட பழசு இருக்கக் கூடாது. பம்ப்பின் டயாஃப்ரமும் அப்படித்தான். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஹெட்டில் கடின வால்வு சீட் போட வேண்டும். பழைய மாதிரி கேம் ஷாஃப்ட்டுக்குத் துத்தநாகம் அதிகமுள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். புதுக் கார் ஆயிலை ஊற்றினால் கேம் முனை தேய்ந்து உருண்டையாகிவிடும்.

மிட்ஜெட்காரருக்கு: சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் வாயிலில் குறுக்காக இரும்புக் குழாய் வெல்ட் வைத்தீர்களா? கூரை இல்லாத வண்டிக்குச் சில்தான் முதுகெலும்பு. குழாய் வைக்காமல் வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். 1275 எஞ்சினுக்குச் சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) தடுப்புத் தகடு போடுங்கள். இல்லாவிட்டால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். பின் ஆக்சில் ஷாஃப்ட் பழசு என்றால் ரேஸில் முதலில் உடைவது அதுதான். முன்பக்க டேம்பரை (ஷாக் அப்சார்பரை) அலட்சியம் செய்யாதீர்கள். மிட்ஜெட்டில் டேம்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. அது ஆடினால் சக்கரமே ஆடுகிறது என்று அர்த்தம்.

பெல்ட்டில் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) லேபிளைப் பாருங்கள், ஐந்து வருடம்தான் ஆயுள். பழைய காருக்குப் பழைய பெல்ட் பொருத்தமாக இருக்கிறது என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் வெளியிலிருந்து எட்ட வேண்டும். தீயணைப்பான் கைக்கு எட்ட வேண்டும், சீட்டுக்குப் பின்னால் அழகுக்கு மாட்ட வேண்டாம். அப்புறம் 1967 வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும், அதை மாற்றாமல் புது எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டிப் புகைவிட்டவர்கள்...

பண்ணைக்கொட்டகை (கோவென்ட்ரி)

ஸ்பானர் அண்ணா, குழாய் வெல்ட் வைத்துத்தான் வெட்டினேன். நன்றி. என் வண்டி நெகட்டிவ் எர்த்.

அசலே அழகு ஐயாவுக்கு: கல்லூரிப் பையன் வட்டம் வரைந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று டாஷ்போர்டைக் கழற்றினேன். எஞ்சின் சுற்று காட்டும் ரெவ் கவுண்டர் கண்ணாடியின் உள்பக்கம் 6500-க்கு நேராக ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு, கையால் போட்டது. எண்ணெய் அழுத்த கேஜில் இன்னொன்று. கேஜைப் பிரித்து உள்பக்கம் கோடு போடுகிறவன் கல்லூரிக்குப் போகிறவன் இல்லை.

ஸ்காபரோ பெடியன் (டொரொன்டோ)

ஏற்கெனவே வெட்டின கார் வாங்கியிருக்கலாம் எண்டு சொன்ன ஐயாவுக்கு. நான் வாங்கேக்க அந்தக் காரின்ர கீழ்ச் சட்டம் கையால பிச்சு எடுக்கக்கூடிய நிலையில கிடந்தது. இன்னும் ரெண்டு குளிர் போனால் எண்கள் மட்டும்தான் பொருந்தியிருக்கும், கார் இருந்திருக்காது. எஞ்சின் பொருந்தின எஞ்சின்தான், கழட்டி எண்ணெய் பூசி வைச்சிருக்கிறன். ஓடுறது அதே எல்24 வகையில வேற எஞ்சின்.

ஆனால் நீங்கள் சொன்னதில ஒண்டு குத்துது. அந்த மனிசனுக்கு எண் பொருந்துதா எண்டதில்லை கணக்கு. ஸ்பெயார் சக்கரக் குழிக்குள்ள பிள்ளையின்ர கடற்கரை வாளி வைக்கிறவையாம், கார் பார்க்கப் போன அண்டைக்கே சொன்னவர். வெட்டேக்க எனக்கு அது ஞாபகத்தில இருந்தது. இருந்தும் வெட்டினன், டாங்க் வைக்க வேற இடமில்லை. திரும்பவும் செய்யச் சொன்னாலும் வெட்டுவன்.

அசலே அழகு

அப்படியென்றால் எதற்குத் தம்பி இங்கே எழுதினீர்கள்?

ஸ்காபரோ பெடியன் (டொரொன்டோ)

அனுபவம் கேட்டவை, அதுக்குத்தான்.

புதுப்பேட்டை வாசி (சென்னை)

சண்டையை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் வந்த ஸ்விங் ஸ்பிரிங்கை (பின்பக்கம் எழும்புவதைக் குறைக்க, நடுவில் அசையும் இலை ஸ்பிரிங்) ஹெரால்டுக்குப் போட்டவர் யாராவது உண்டா? முன்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பாரும் சேர்த்துப் போட வேண்டும் என்று தெரியும். மேஸ்திரி பழைய ஸ்பிரிங்கிலேயே இலையைக் குறைத்து வளைவை எடுத்துத் தருகிறேன் என்கிறார், ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார். ஸ்விங் ஸ்பிரிங் இங்கிலாந்திலிருந்து வந்தால் சுங்கவரியோடு என்ன ஆகும் என்று கோவென்ட்ரி நண்பர் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். அதுவரை டிக்கியில் இரண்டு மூட்டை எம்சாண்ட்.