பதினாறு பேர் வேலை செய்யும் முந்திரி ஆலையும் மாறிவரும் பாதுகாப்புச் சட்டமும்: ஒரு விவாதம்

கருங்கல் ஆலையாளர்:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் கருங்கல் அருகே சிறிய முந்திரிப்பருப்பு ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். கொட்டையை அவிக்க ஒரு சிறு கொதிகலன், பருப்பை உலர்த்த ஒரு போர்மா, மோட்டாரில் ஓடும் சில இயந்திரங்கள், மொத்தம் 16 தொழிலாளர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்விசையைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலையாகிவிடும் என்பதால், உரிமம், வரைபட ஒப்புதல், பதிவேடுகள், ஆண்டறிக்கை ஆகிய அனைத்தையும் முறையாகச் செய்து வந்தேன். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் தொழிற்சாலைக்கான வரம்பு மின்விசை உள்ள இடத்துக்கு 20 பேர் என்றும் இல்லாத இடத்துக்கு 40 பேர் என்றும் உயர்த்தப்பட்டிருக்கிறது. எனவே என் ஆலை இனித் தொழிற்சாலை என்ற கணக்கில் வராது என்றே புரிந்துகொள்கிறேன்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். சட்டம் மாறுகிற வேகத்துக்கு என்னைப் போன்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. மே முதல் நாளிலேயே அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கொதிகலனுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. இப்போது 13 மத்தியச் சட்டங்களை ஒன்றாக்கிய இந்தத் தொகுப்பு. பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எனக்கு மாதம் ஒருமுறை வந்து போகும் கணக்கர் மட்டுமே இருக்கிறார். கொட்டை விலையையும் வங்கித் தவணையையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அரசிதழையும் நாள்தோறும் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

மார்த்தாண்டம், உடைப்புத் தொழிலாளியின் மகள்:

ஐயா, உங்கள் சிரமத்தை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். என் தாயார் இளம் வயதிலிருந்தே அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைத்தவர். காலையில் பலகையில் உட்காருவதற்கு முன் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்வார். ஆமணக்கெண்ணெய் கிடைக்கும் நாளில் அதைத் தடவிக்கொள்வார். அப்படியும் ஓட்டிலிருந்து பீறிடும் கறுத்த எண்ணெய் விரல் இடுக்குகளில் இறங்கித் தோலைப் புண்ணாக்கிவிடும். ரேகை தேய்ந்துபோனதால் ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல் அவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததுண்டு. அந்த எண்ணெய் 25 பேர் இருக்கும் ஆலையில் ஒரு விதமாகவும், 16 பேர் இருக்கும் ஆலையில் வேறு விதமாகவும் சுடுவதில்லை. கொதிகலனும் ஆளை எண்ணிப் பார்த்து வெடிப்பதில்லை.

வரம்பு உயரும்போது இன்னொன்றும் நடக்கும். ஒரே உரிமையாளர், ஒரே வளாகத்தில் இருக்கும் மூன்று கொட்டகைகளை உறவினர் மூவரின் பெயரில் காட்டுவதையும், தோல் உரிக்கும் வேலையை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு ஆலையில் ஆளே குறைவு என்று கணக்குச் சொல்வதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். வரம்பு 10 ஆக இருந்தபோதே இதைச் செய்தவர்களுக்கு 20 என்பது இன்னும் வசதி. நீங்கள் அப்படிச் செய்பவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் வரவேற்கும் மாற்றத்தால் முதலில் பயனடையப்போவது அவர்கள்தான்.

தக்கலை கணக்கர்:

சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குக் கணக்கும் பதிவேடும் பார்ப்பவன் என்ற முறையில் கருங்கல் அண்ணாச்சியின் பக்கமே நிற்கிறேன். பழைய முறையில் ஆய்வு என்றால் பெரும்பாலும் பதிவேடுகளைப் புரட்டுவதாகவே இருந்தது. முதலுதவிப் பெட்டி காலியாக இருந்தாலும் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் போதும் என்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். காகிதம் குறைந்தால் அதில் செலவாகும் நேரத்தையும் பணத்தையும் கையுறைக்கும் காற்றோட்டத்துக்கும் செலவிடலாம். சட்டத்தைக் கூட்டினால்தான் பாதுகாப்பு கூடும் என்பதை என் அனுபவம் ஏற்கவில்லை.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர்:

மீன்வலை ஆலையிலும் பிற இடங்களிலும் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விவாதம் தொடர்வதற்கு முன், ஆலையாளர் சட்டத்தைப் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில் ஒரு பெரிய இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலை என்ற வரையறைக்கு வரம்பு 20 ஆகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் அதே தொகுப்பில் நிறுவனம் என்று தனியாக ஒரு வரையறை இருக்கிறது. தொழிலோ வணிகமோ உற்பத்தியோ நடக்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது நிறுவனமாகிவிடும். எனவே 16 பேர் உள்ள உங்கள் ஆலை தொழிற்சாலைகளுக்கென்று வகுக்கப்பட்ட பகுதியிலிருந்து விலகுகிறதே தவிர, தொகுப்பிலிருந்து விலகவில்லை. 6-ஆம் பிரிவின்படி பணியிடத்தைக் காயமோ நோயோ விளைவிக்கும் ஆபத்துகள் இல்லாமல் வைத்திருக்கும் கடமை உங்களுடையது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அரசு விதிகளில் குறிக்கும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும். கடமை தவறியதால் உயிரிழப்பு நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிடவும் முடியும்.

இத்துடன், உயிருக்கு ஆபத்தான வேலை என்று மத்திய அரசு அறிவிக்கை செய்யும் தொழில்களில் 10 என்ற எண்ணிக்கையும் பொருந்தாது. ஒருவர் வேலை செய்தாலும் சட்டம் செல்லும். பழைய சட்டங்களின் கீழ் இயற்றப்பட்ட விதிகளும், தொகுப்புக்கு முரண்படாத அளவில் இந்த இடைக்காலத்தில் தொடர்கின்றன. ஆகவே உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை என்று நீங்களாகவே முடிவுசெய்துவிட வேண்டாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் நமது மாவட்டத்துக்குரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கடிதம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிகலனைப் பற்றியும் ஒரு சொல். அந்தச் சட்டம் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. கொள்ளளவு, அழுத்தம் போன்றவற்றைத்தான் பார்க்கிறது. 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவோ, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைவான அழுத்தமோ உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான், 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான். சட்டத்தின் பெயர் மாறியதால் உங்கள் கொதிகலனுக்கான சான்றிதழ் தேவையில்லாமல் போகவில்லை.

கருங்கல் ஆலையாளர்:

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி, ஐயா. ஆனால் நீங்கள் எழுதியது என் வாதத்தை வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். ஒரு வரையறையில் 20, இன்னொரு வரையறையில் 10, அறிவிக்கை வந்தால் ஒருவரே போதும், மாநில விதிகளைப் பொறுத்து மற்றவை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு அப்பாவின் தொழிலை எடுத்து நடத்தும் ஒருவன் இதைத் தானே படித்து, தானே புரிந்துகொண்டு, தவறினால் சிறைக்கும் போக வேண்டும் என்றால், அறிந்துகொள்ளும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். என்னிடம் வரி வாங்கும் அரசுக்கு என் முகவரியும் கைபேசி எண்ணும் தெரியும். இன்ன தேதியிலிருந்து உன் ஆலைக்கு இன்னது பொருந்தும், இன்னது பொருந்தாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்புவது அரசுக்கு எளிது. அதைச் செய்யாத வரை, வரம்பு உயர்வதே எனக்குக் கிடைக்கும் ஒரே நிவாரணம்.

அருமனை ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி:

நீங்கள் 16-க்கும் 20-க்கும் நடுவே நின்று வாதாடுகிறீர்கள். சட்டம் எட்டிப் பார்க்காத இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். புதிய தொகுப்பில் தோட்டம் என்றால் 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் நான் வெட்டும் ரப்பர் எல்லாம் ஒன்றிரண்டு ஏக்கர் துண்டுகள்; காலையில் ஒருவர் தோட்டம், அது முடிந்ததும் அடுத்தவர் தோட்டம். இருட்டில் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகும்போது காலடியில் பாம்பு கிடந்தாலும், பாலை உறையவைக்கும் ஆசிட் கண்ணில் தெறித்தாலும், இவர்தான் முதலாளி என்று சுட்டிக்காட்ட எனக்கு ஒருவர் இல்லை. பூச்சிமருந்து கையாளும் தோட்டத் தொழிலாளியின் பாதுகாப்புக்குத் தொகுப்பில் தனிப் பிரிவே இருக்கிறது என்று சொல்கிறார்கள். 5 ஹெக்டேருக்குக் கீழே இருப்பவனுக்கு அது எதற்கு உதவும்? கடலுக்குப் போகும் நம் மீனவர்கள் நிலையும் இதுதான். வரம்பு உயர்வதை நிவாரணம் என்று சொல்பவர்கள், வரம்புக்கு வெளியே இருப்பது எப்படி இருக்கும் என்பதை எங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம், உடைப்புத் தொழிலாளியின் மகள்:

ஆலையாளரின் கடைசிப் பதிவில் ஒரு பாதியை முழுமனதுடன் ஏற்கிறேன். தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புவது அரசின் கடமை. ஆனால் அந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும் வந்தால் போதாது. கொட்டை உடைக்கும் பெண்ணின் கைக்கும் வர வேண்டும்.

2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நம் மாநிலம் செய்த திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற அந்த ஒரு செய்தி நாகர்கோவில் ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களிடையே விரைவாகப் பரவியது. அரசிதழைப் படித்து அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. வலித்தது அவர்களுடைய கால் என்பதால் காதில் விழுந்ததும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாக் கடையிலும் இருக்கை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாறுகிற சட்டத்தை விடாமல் கவனிப்பதற்கு முதலாளியைவிட அதிகக் காரணம் உள்ளவர் தொழிலாளிதான். தன் பணியிடப் பாதுகாப்பைப் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறவும், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கவும் புதிய தொகுப்பின் 14-ஆம் பிரிவு தொழிலாளிக்கு உரிமை தருகிறது. உங்கள் 16 பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும், ஐயா?

தக்கலை கணக்கருக்கும் ஒரு செய்தி. காகிதம் குறைவதைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். பழைய சட்டத்தில் 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். புதிய தொகுப்பில் அந்த எண் 50-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்று மாறியிருக்கிறது. பெரிய நகரத்து நிறுவனத்துக்கு இது விரிவு. ஆண்களையும் சேர்த்து எண்ணுவது நல்ல மாற்றம்தான். ஆனால் நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 40 பெண்கள் இருக்கும் ஆலையில் நேற்று வரை சட்டப்படி இருக்க வேண்டிய தொட்டில் இன்று சட்டப்படி இல்லாமல் போகலாம். அந்தத் தாய் கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்?

தக்கலை கணக்கர்:

காப்பகம் பற்றிய கருத்து சரியானது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று கொள்ள வேண்டாம், பல ஆலைகளில் அந்த அறை மூட்டை அடுக்கும் இடமாகவே இருந்தது என்பதால்தான் சட்டத்தின் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. சட்டம் இருப்பதும் நடப்பதும் வேறு வேறு.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர்:

நடக்காத சட்டத்தை நீக்குவது தீர்வு என்றால் எதுவுமே மிஞ்சாது. 1984-இல் போபாலில் நடந்த நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல்தான் தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதிசெய்வது ஆலையை நடத்துபவரின் பொதுக்கடமை என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்திலேயே தொழிலாளர் தகவல் பெறும் உரிமையும் வந்தது. அந்த இரண்டும் பெயர் மாறிப் புதிய தொகுப்பிலும் நிற்கின்றன. மாறியவை எண்ணிக்கைகளும் படிவங்களும். இயந்திரத்துக்கு வேலி, ஆபத்தான பொருளுக்குத் தடுப்பு, முதலுதவி, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றில் 1948-இலிருந்து அடிப்படை மாறவில்லை. எனவே இவற்றைச் சரியாக வைத்திருப்பவர் அரசிதழைத் தவறவிட்டதால் ஒரு உயிர் போய்விடாது.

பழைய சட்டத்தின் 108-ஆம் பிரிவையும் நினைவூட்டுகிறேன். சட்டத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் எழுதி, தொழிலாளர் எளிதில் காணக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும் என்பது அது. ஆலையாளர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

கருங்கல் ஆலையாளர்:

அலுவலக அறையில், என் மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அங்கே என்பதால் அங்கே மாட்டினோம். அதை உடைப்புக் கொட்டகைக்கு மாற்றுவதில் எனக்குத் தடையில்லை. 14-ஆம் பிரிவையும் பெரிய எழுத்தில் சேர்த்து எழுதி வைக்கிறேன். உரிமம் பற்றி அலுவலகத்துக்கு எழுதுகிறேன். ஆனால் வரம்பைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை: 16 பேர் உள்ள இடத்துக்கும் 500 பேர் உள்ள இடத்துக்கும் ஒரே படிவங்களை விதிப்பது நியாயமாகாது.

மார்த்தாண்டம், உடைப்புத் தொழிலாளியின் மகள்:

படிவங்களைக் குறைக்கச் சொல்லி நீங்கள் மனுக் கொடுத்தால் நானும் கையெழுத்திடுவேன். தொழிலாளர்கள் சார்பில் நாங்கள் தயாரிக்கும் மனுவில் வேறொன்றைக் கேட்கிறோம். ஆள் எண்ணிக்கை வரம்புக்குக் குறைவான இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு; பழைய சட்டத்தில் அது 85-ஆம் பிரிவு, புதிய தொகுப்பிலும் அத்தகைய அதிகாரம் இருக்கிறது. முந்திரிக்கொட்டையை அவிக்கும், வறுக்கும், உடைக்கும் எல்லா இடங்களுக்கும், எத்தனை பேர் இருந்தாலும், கையுறை, தோல் மருத்துவப் பரிசோதனை ஆகிய இரண்டுக்கும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மாநில அரசிடம் கேட்கிறோம். வீட்டில் தோல் உரிப்பவர்களையும் அருமனை அண்ணன் சொன்ன சிறுதோட்டப் பால்வெட்டுக்காரர்களையும் அதில் சேர்க்க முடியுமா என்று பாதுகாப்பு அலுவலர் ஐயா பார்த்துச் சொன்னால், வரைவை இங்கேயே பதிவிடுகிறேன்.